கர்னல் சாண்டர்ஸின் 11 பொடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரு பொடிக்கலவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு கலவை. கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் கடைக் கதவைத் திறந்த உடனேயே ஒரு வாசனை முகத்தில் வந்து மோதும். சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியும், பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி முகர்ந்து மட்டும் பார்த்தவர்களுக்கும் தெரியும். அந்த வாசனைக்குப் பின்னால் 11 மூலிகைகளும் மசாலாப் பொருட்களும் இருப்பதாக அந்த நிறுவனம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. அதை வீட்டில் கொண்டுவர முடியுமா? முடியும். மிக அருகில் போக முடியும். எப்படிப் போவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் சமையல்கலை மாணவர்களுக்கு மசாலாப் பொருட்களைப் பற்றிப் பாடம் எடுப்பவள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வந்து சேரும் பிள்ளைகள், "மேடம், அந்த 11 என்னென்ன?" என்றுதான் கேட்பார்கள். "எவ்வளவு?" என்று கேட்பவர் அரிது. என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி அதுதான். ஒரே தெருவில் 10 வீட்டில் சாம்பார்ப் பொடி அரைக்கிறார்கள். மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயம், பெருங்காயம், பட்டியல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பொடி ஒன்றாகவா இருக்கிறது? எந்த வீட்டுச் சாம்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பட்டியலில் ருசி இல்லை. அளவிலும் வறுப்பிலும் அரைப்பிலும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்குத்தான் வரப்போகிறேன்.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹார்லன்ட் சாண்டர்ஸ். 1890-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயார் வேலைக்குப் போக, தம்பி தங்கைக்குச் சமைத்துப் போடும் பொறுப்பு இந்தப் பையன் தலையில் விழுந்தது. பிறகு என்னென்னவோ வேலை பார்த்து, 1930-இல் கென்டக்கி மாநிலத்தில் கார்பின் என்ற ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் நடத்த வந்து சேர்ந்தார். வண்டிக்குப் பெட்ரோல் போட வருகிறவர்கள் பசியோடு வருகிறார்கள். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அவர்களை உட்காரவைத்துச் சோறு போட ஆரம்பித்தார். அதுதான் தொடக்கம். சாப்பாட்டின் பேர் பரவி, 1935-இல் அந்த மாநில ஆளுநர் அவருக்குக் 'கென்டக்கி கர்னல்' என்ற கௌரவப் பட்டம் கொடுத்தார். வெள்ளைக் கோட்டும் ஆட்டுத்தாடியுமாக நாம் படத்தில் பார்க்கிற கர்னல், அந்தப் பட்டத்தால் வந்த கர்னல்.

அவர் கோழியை இரும்பு வாணலியில் பொரித்தார். ஒரு ஈடு வேக அரை மணி நேரம் ஆகும். வழிப்போக்கர் அரை மணி நேரம் காத்திருப்பாரா? முன்னாடியே பொரித்து வைக்கலாம் என்றால், ஆறிய கோழியைப் பரிமாற அவருக்கு மனசு வரவில்லை. நிறைய எண்ணெயில் முக்கிப் பொரித்தால் சீக்கிரம் ஆகும், ஆனால் அந்த ருசி அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தவிப்பில் இருந்தபோதுதான் 1939-இல் புதிதாக ஒரு சாமான் சந்தைக்கு வருகிறது. நேயர்களே, அது வேறொன்றும் இல்லை, பிரஷர் குக்கர். காய்கறி வேகவைக்க விற்ற குக்கரை வாங்கி, அதில் எண்ணெய் ஊற்றிக் கோழியைப் பொரிக்க முடியுமா என்று பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவந்தார். அரை மணி நேரம் பத்து நிமிடத்துக்குள் வந்தது. மசாலாக் கலவையும் 1940-இல் ஒரு முடிவுக்கு வந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் எல்லார் வீட்டு அடுப்படியிலும் குக்கர் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் குக்கரில் எண்ணெய் ஊற்றி, மூடியைப் போட்டுப் பொரிக்காதீர்கள். அது தண்ணீருக்காகச் செய்யப்பட்ட பாத்திரம். அதன் கேஸ்கெட்டும் வால்வும் அவ்வளவு சூடான எண்ணெயைத் தாங்க மாட்டா. எண்ணெய் பீறிட்டு அடுப்புத் தீயில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாண்டர்ஸின் காலத்துக் குக்கர்களும் அப்படித் தொந்தரவு கொடுத்தவைதான். இன்று கடைகளில் இருப்பது அதற்கென்றே செய்த கனமான இயந்திரம். மறுபடியும் சொல்கிறேன், குக்கரில் எண்ணெய் வேண்டாம்.

சரி, கதைக்கு வருவோம். 1952-இல் சால்ட் லேக் சிட்டியில் பீட் ஹார்மன் என்ற நண்பரின் உணவகத்தில்தான் இந்தக் கோழி முதல் முறையாக வேறொரு கடையில் விற்பனைக்கு வந்தது. கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் என்ற பெயரும் அங்கேதான் பிறந்தது. கொஞ்ச நாளில் கார்பினுக்கு ஒரு சோதனை. புதிய பெருஞ்சாலை ஊரைத் தொடாமல் விலகிப் போகிறது என்று தெரிந்தது. வண்டி வராத ஊரில் உணவகம் எப்படி நடக்கும்? 1956-இல் எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடைத்தார். கையில் மிஞ்சியது மாதம் 105 டாலர் முதியோர் ஓய்வூதியம். வயது 65-ஐத் தாண்டிவிட்டது. அந்த வயதில் குக்கரையும் பொடி மூட்டையையும் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். ஏதாவது ஓர் உணவகத்தின் சமையலறைக்குள் போவார், கோழி பொரித்துக் கொடுப்பார். பிடித்திருந்தால் ஒப்பந்தம். விற்கிற ஒவ்வொரு கோழிக்கும் சில சென்ட் அவருக்கு.

இந்த இடத்தில்தான் பொடி ரகசியமானது. ஒப்பந்தம் போட்ட கடைக்காரருக்குச் செய்முறை தெரியும், பொரிக்கும் முறை தெரியும். பொடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. பொடி கலந்த பொட்டலமாகத்தான் போகும். அதை வீட்டில் கலந்து, கட்டி, ஊர் ஊராக அனுப்பிவைத்தவர் அவர் மனைவி கிளாடியா. அந்த அம்மாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெள்ளைக் கோட்டுப் படம் உலகம் முழுக்கப் போயிற்று, பொட்டலம் கட்டிய கை வெளியே தெரியவில்லை. மசாலா அரைத்துப் பிழைக்கிற பெண்களை நம் ஊரில் தினமும் பார்க்கிறவள் நான். அதனால்தான் கிளாடியாவின் பெயரை இங்கே சொல்லியே தீர வேண்டும் என்று நினைத்தேன். 1964-இல் 20 லட்சம் டாலருக்குச் சாண்டர்ஸ் நிறுவனத்தை விற்றுவிட்டார். இன்று அந்தக் கலவையை ஒரு நிறுவனம் பாதி கலக்கிறது, இன்னொரு நிறுவனம் மீதியைக் கலக்கிறது. முழுசாக யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கையால் எழுதிய மூலத்தாளை லூயிவில் நகரத்துத் தலைமையகத்தில் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். 2008-இல் பாதுகாப்பைப் பலப்படுத்த அந்தத் தாளைக் கவச வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோய், அடுத்த ஆண்டு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு காவல் இருந்தும், வெளியே மூன்று தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

ஒன்று, 1980-களின் தொடக்கத்தில் ஓர் எழுத்தாளர் அந்தப் பூச்சு மாவைக் கொஞ்சம் கைப்பற்றி ஆய்வகத்துக்குக் கொடுத்தார். ஆய்வகம் கண்டது நான்கே பொருள்: மாவு, உப்பு, மிளகு, மோனோசோடியம் குளூட்டமேட், அதாவது நாம் அஜினமோட்டோ என்று சொல்கிற உப்பு. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்த நான்கையும் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இரண்டு, சாண்டர்ஸ் முன்பு குடியிருந்த வீட்டை வாங்கிய ஒரு தம்பதி, அடித்தளத்தில் கிடந்த பழைய நாட்குறிப்பில் ஒரு கைக்குறிப்பைக் கண்டெடுத்தார்கள். 2001-இல் நிறுவனம் வழக்குப் போட்டது. பிறகு, இது எங்கள் கலவையே இல்லை என்று சொல்லி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தோடு அது முடிந்தது.

மூன்றாவதுதான் ருசிகரமானது. 2016-இல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகைக்காக ஒரு செய்தியாளர் கார்பினுக்குப் போகிறார். போனது ஊரைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை எழுத. அங்கே கிளாடியாவின் உறவினர், அந்த அம்மாவுக்கு மருமகன் முறை, குடும்ப ஆல்பத்தைக் காட்டுகிறார். ஆல்பத்தில் கிளாடியாவின் உயில். அந்த உயில் தாளின் பின்புறத்தில் நீல மையால், "11 மசாலா, 2 கப் வெள்ளை மாவில் கலக்கவும்" என்று ஒரு பட்டியல்! சிறு பையனாக இருந்தபோது இந்தப் பொடிகளைக் கலக்கும் வேலை தனக்கும் இருந்தது என்று அவர் சொன்னார். நிறுவனம் இதையும் ஏற்கவில்லை. எத்தனையோ பேர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் சரியாகச் சொன்னதில்லை என்றது. ஆனால் பத்திரிகை தன் சமையலறையில் செய்து பார்த்து, கடையில் வாங்கியதோடு பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தது. அஜினமோட்டோவையும் கொஞ்சம் தூவியதும் இரண்டும் ஒன்றுபோல் இருந்தது என்று எழுதியது.

காகிதமும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சொல்கிறேன். 2 கப் மாவுக்கு, அதாவது கால் கிலோ மைதாவுக்கு. எல்லாமே டேபிள்ஸ்பூன் கணக்கு.

பாப்ரிகா, அதாவது காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள், 4. வெள்ளை மிளகுத்தூள் 3. பூண்டு உப்பு 2. இது 4, 3, 2, மறக்காது. அடுத்து ஒவ்வொரு ஸ்பூன் போடுகிற நான்கு பொருள்: கறுப்பு மிளகுத்தூள், சுக்குத்தூள், கடுகுத்தூள், செலரி உப்பு. அடுத்து ஒன்றுக்கும் குறைந்தவை: உப்பு முக்காலுக்கும் சற்றுக் குறைவு, சரியாகச் சொன்னால் மூன்றில் இரண்டு பங்கு. இனி மூன்று உலர்ந்த இலைகள். தைம் அரை. பேசில் அரை. ஓரிகானோ மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான். மறுபடியும்: பாப்ரிகா 4, வெள்ளை மிளகு 3, பூண்டு உப்பு 2. கறுப்பு மிளகு, சுக்கு, கடுகு, செலரி உப்பு ஒவ்வொன்று. உப்பு, தைம், பேசில், ஓரிகானோ ஒன்றுக்கும் கீழே.

அந்தத் தாளில் ஸ்பூனைச் சுருக்கி எழுதியிருந்ததால் டீஸ்பூனா டேபிள்ஸ்பூனா என்று ஒரு குழப்பம் வந்தது. டீஸ்பூன் என்று வைத்துச் செய்தால் கோழி வெறும் மாவு ருசியில்தான் இருக்கும். டேபிள்ஸ்பூன்தான் சரி. கால் கிலோ மாவில் 3 டேபிள்ஸ்பூன் வெள்ளை மிளகா என்று மலைக்க வேண்டாம். அந்த மாவு முழுவதும் கோழியில் ஏறுவதில்லை, பாதிக்கு மேல் தட்டிலேயே தங்கிவிடும்.

இப்போது உப்புக்கு வருகிறேன், இதைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். பட்டியலில் உப்பு என்று எழுதியிருப்பது மூன்றில் இரண்டு ஸ்பூன் மட்டும். ஆனால் பூண்டு உப்பில் நான்கில் மூன்று பங்கு உப்புதான். செலரி உப்பிலும் பெரும்பங்கு உப்புதான். மூன்றையும் கூட்டினால் 3 டேபிள்ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக வரும். கடையில் பூண்டு உப்பு கிடைக்கவில்லை, பூண்டுத்தூள்தான் கிடைத்தது என்று 2 ஸ்பூன் பூண்டுத்தூளை அப்படியே போட்டால் இரண்டு வகையிலும் கெடும். பூண்டு நான்கு மடங்காகிக் கருகிக் கசக்கும், உப்பும் போதாது. அதனால் பூண்டுத்தூள் அரை ஸ்பூன், உப்பு ஒன்றரை ஸ்பூன், இப்படிப் பிரித்துப் போடுங்கள். செலரி உப்புக்கு, செலரி விதையை அரைத்து அதற்கு இரண்டு பங்கு உப்பு சேருங்கள். இத்தனை உப்பு மாவில் இருப்பதால், கோழியை ஊறவைக்கும் மோரில் தனியாக உப்புப் போடாதீர்கள்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த பொருள். வெள்ளை மிளகு. அந்த உறவினரே செய்தியாளரிடம் ரகசியப் பொருள் என்று சொன்னது இதைத்தான். கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவை. பச்சையாகப் பறித்துக் காயவைத்தால் தோல் சுருங்கிக் கறுத்துக் கறுப்பு மிளகு. பழுத்துச் சிவந்த பிறகு பறித்து, சாக்கில் கட்டி ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் அழுகியதும் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. மிளகின் நறுமண எண்ணெய் பெரும்பாலும் தோலில் இருக்கிறது, காரம் உள்ளே விதையில் இருக்கிறது. தோல் போனால் அந்தப் பூவாசனையும் எலுமிச்சை வாசனையும் போய்விடும், காரம் நிற்கும். அதோடு, ஒரு வாரம் தண்ணீரில் ஊறியதால் வேறொரு வாசனை வந்து சேரும். பாட்டிலைத் திறந்து நேராக முகர்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. ஈரத் தொழுவத்தின் வாசனை என்றுதான் பல மாணவர்கள் எழுதுவார்கள். உண்மையிலேயே நொதித்தலில் உண்டாகும் பொருட்கள்தான் அதற்குக் காரணம்.

நான் வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பதுண்டு. பெயர் ஒட்டாத பாட்டில்களில் பொடிகளைப் போட்டு வைத்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து சொல்ல வேண்டும். சுக்கு, கடுகு, பூண்டு எல்லாம் சொல்லிவிடுவார்கள். வெள்ளை மிளகில் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு அதே வெள்ளை மிளகைக் கொஞ்சம் மாவில் கலந்து, ஒரு துண்டு கோழித்தோலில் புரட்டி, எண்ணெயில் போட்டு எடுத்து அவர்கள் முன்னால் வைப்பேன். உப்பும் வெள்ளை மிளகும் மட்டும், வேறொன்றும் இல்லை. தட்டு வந்ததும், "மேடம், கடை வாசனை!" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். தனியாக முகரும்போது முகம் சுளிக்கவைத்த அதே வாசனை, கொழுப்பில் பட்டதும் இறைச்சியின் வாசனையோடு சேர்ந்து ஆழமாகிவிடுகிறது. ஒரு முறை, விடுதிப் பெண்கள் கடையிலிருந்து வாங்கிவந்த கோழியின் மொறுமொறுப்பை விரலால் உதிர்த்து ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தோம். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பச்சையாக எதையும் எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெள்ளை மிளகு கண்ணுக்குத் தெரியாது, அதன் நிறம் மாவோடு கலந்துவிடும். மூக்குக்கு மட்டும் தெரிந்தது.

ஆகையால், இந்தக் கலவையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால் வெள்ளை மிளகுக்குச் செலவழியுங்கள். முழு மிளகாக வாங்குங்கள். தூளாக வாங்கினால் எப்போது அரைத்தது, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. மிக்ஸியின் சிறிய ஜாரில் விட்டு விட்டுச் சுற்றி, சலித்து, அன்றைக்கே மாவில் கலந்துவிடுங்கள். கறுப்பு மிளகுக்கும் இதே விதிதான். கேரளத்து மலையிலும் கர்நாடகத்துக் குடகிலும் விளைகிற மிளகு நமக்கு இவ்வளவு பக்கத்தில் கிடைக்கிறது, அரைத்துப் பல மாதம் ஆன தூளை ஏன் வாங்க வேண்டும்?

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். பாப்ரிகா நிறத்துக்கும் மெல்லிய இனிப்புக்கும்தான், காரத்துக்கு இல்லை. கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூளை எடுங்கள், ஆனால் 4 ஸ்பூன் போடாதீர்கள். ஒரு ஸ்பூனில் தொடங்குங்கள், காரம் ஏறினால் ருசியே மாறிவிடும். கடுகுத்தூளின் நெடி நீர் பட்டால்தான் கிளம்பும். காய்ந்த மாவில் தூங்கிக்கொண்டிருக்கும், ஈரக்கோழியில் ஒட்டிய பிறகுதான் விழிக்கும். தைம் இல்லையா? தைமின் வாசனைக்கு முக்கியக் காரணமான தைமால் என்ற பொருள் நம் ஓமத்தில் ஏராளமாக இருக்கிறது. தைம் அரை ஸ்பூன் என்றால் ஓமம் அதில் கால்பங்கு போதும், நன்றாக நுணுக்கிப் போடுங்கள். ஓரிகானோவின் வாசனைப்பொருளான கார்வக்ரால் நம் கற்பூரவல்லியில் இருக்கிறது. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தால் மூன்றில் ஒரு ஸ்பூனுக்கு அது போதும். பேசில் என்பது சப்ஜா விதை கொடுக்கிற திருநீற்றுப்பச்சிலைச் செடியின் இனம்தான். வீட்டுத் துளசியைப் போடாதீர்கள், அதில் கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கும். உண்மையைச் சொன்னால், இந்த மூன்று இலைகளும் இல்லாமலே ருசி பெருமளவு வந்துவிடுகிறது.

அங்கேதான் அந்த ஆய்வகம் சொன்ன நான்கு பொருளும் கிளாடியாவின் தாளும் ஒன்றையொன்று தொடுகின்றன. மாவு, உப்பு, மிளகு, அஜினமோட்டோ. இது முதுகெலும்பு. 4 ஸ்பூனும் அரை ஸ்பூனும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 11 என்ற எண்ணைக் கேட்டுக் கேட்டு, 11-உம் சமம் என்று நாம் நினைத்துவிட்டோம். சாண்டர்ஸே இந்தப் பொருட்களெல்லாம் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருப்பவைதான் என்று சொல்லியிருக்கிறார்.

அஜினமோட்டோ என்றதும் பலருக்கு அச்சம் வரும் என்று தெரியும். 1908-இல் ஜப்பானில் இகேடா கிகுனே என்ற வேதியியல் பேராசிரியர், கடற்பாசிச் சாற்றின் சுவைக்கு எது காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தது அது. நன்றாகப் பழுத்த தக்காளியில் இருக்கிறது, பாலாடைக்கட்டியில் இருக்கிறது. சாதாரண உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது. 2 கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது உங்கள் விருப்பம். கடை ருசிதான் வேண்டும் என்றால் மட்டும் அது இல்லாமல் வராது.

கோழி வாங்கும்போது ஒரு சொல். நம் ஊர்க் கறிக்கடையில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள். "தோலோடு வேணும்ண்ணே, மஞ்சள் தடவ வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான சின்னக் கோழியாகப் பாருங்கள். பெரிய கோழியில் மேலே கருகும், எலும்புப் பக்கம் வேகாது. கடையில் ஒரு கோழியை 9 துண்டாக வெட்டுகிறார்கள்: கால் 2, தொடை 2, இறக்கை 2, நெஞ்சு 2, நடு நெஞ்செலும்பு ஒன்று. குழம்புக்கு வெட்டுகிற மாதிரி சின்னச் சின்னதாக வெட்டச் சொல்லாதீர்கள்.

ஒரு கப் மோர், கெட்டியாக இருக்கட்டும், அதில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, கோழியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். மாவையும் பொடிகளையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டு உப்புக் கரிக்கும், அடுத்த துண்டு சப்பென்று இருக்கும். மோரை வழியவிட்டு, மாவில் புரட்டி, கையால் நன்றாக அழுத்தி, உதறுங்கள். உடனே எண்ணெயில் போடாதீர்கள். கம்பித்தட்டில் 20 நிமிடம் அப்படியே விடுங்கள். வெள்ளை மாவு ஈரத்தை இழுத்து மங்கலாகும். அப்போதுதான் பூச்சு தோலோடு பிடிக்கும், எண்ணெயில் கழன்று போகாது.

நேரம் நெருங்கிவிட்டதாக உள்ளிருந்து சொல்கிறார்கள். பொரிப்பதைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்று வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். கடையில் அழுத்தத்தில் பொரிப்பதால் கறியின் ஈரம் ஆவியாக வெளியேறுவது குறைகிறது, உள்ளே சாறு நிற்கிறது. வீட்டில் அது இல்லாததால், தீயை நிதானமாக வைப்பதுதான் வழி. அடி கனமான வாணலி, கோழித்துண்டு முங்கும் அளவுக்கு எண்ணெய், ஆனால் வாணலியில் பாதிக்கு மேல் வேண்டாம். போடும்போது 175 டிகிரி செல்சியஸ். போட்டதும் சூடு இறங்கும், இறங்கட்டும், 150-க்குக் கீழே மட்டும் விடாதீர்கள். ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு துண்டு போதும். 15-இலிருந்து 18 நிமிடம். இதைவிடத் தீயைக் கூட்டினால் பாப்ரிகாவும் பூண்டும் கருகிவிடும், நாம் பார்த்துப் பார்த்துக் கலந்த பொடி கசப்பாகிவிடும். தொடையில் எலும்பை ஒட்டிக் குத்திப் பார்த்தால் சாறு தெளிவாக வர வேண்டும், சமையல் வெப்பமானி இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும். குக்கர் வேண்டாம் என்பதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கிரேவியைப் பற்றிச் சொல்லவே முடியாமல் போய்விட்டது. ஒன்று மட்டும்: தட்டில் மிஞ்சிய மாவைக் கொட்டிவிடாதீர்கள். பொரித்த எண்ணெயில் இரண்டு ஸ்பூன், அடியில் தங்கிய துகளோடு எடுத்து, அதில் அந்த மாவு ஒரு ஸ்பூனைச் சிவக்க வறுத்து, பால் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பச்சைக்கோழி பட்ட மாவு என்பதால் நன்றாகக் கொதிக்க வேண்டும், மீதியை எடுத்து வைக்கக் கூடாது. பொரித்த துண்டுகளைக் காகிதத்தில் குவிக்காமல் கம்பித்தட்டில் பரப்பி, ஐந்து நிமிடம் விட்டுப் பரிமாறுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. நேயர்களுக்கு வணக்கம்.